தம்பி சொல்லாத பதில்

...கேட்டதில் என்ன தப்பு, ஊசி போட்டது டாக்டர், பேர் வாங்கிக்கொண்டது அவன் புதிதாகப் போய்ச் சேர்ந்திருக்கிற சாமியா, நியாயமான கேள்விதானே, பிறகு ஏன் இந்தத் தட்டைக் கழுவக் கை வரமாட்டேன் என்கிறது, தம்பி பாதியில் எழுந்துபோன தட்டு, சோறு காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது... மதம் மாறிய பிறகு முதல்முறையாக வீட்டுக்கு வந்தவன். நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த மதத்துக்காரர்கள் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தார்களாம், பிழைத்துக்கொண்டானாம். "ஆளு தளர்ந்து கிடக்கறப்போ பார்த்து வளைச்சுப் போட்டுட்டாங்க, உன் புத்தி எங்கடா போச்சு?" என்றேன், என் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "வரேன்க்கா" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். "நல்லாக் கேட்டே" என்றார் என் வீட்டுக்காரர். அப்போது இனித்தது.

மகளை வைத்துக்கொண்டு... ஐயோ, மகள். இவள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது மழையில் கடைகடையாக ஓடி மருந்து வாங்கி வந்தது யார், இதே தம்பிதானே? இவள் கண் விழித்ததும் நான் என்ன சொன்னேன், "நம்ம சாமி கைவிடலைடா" என்றேன், சொட்டச் சொட்ட நனைந்து மருந்துப் பையோடு நின்றவனிடமே. அன்று நான் மட்டும் தளர்ந்திருக்கவில்லையா? என்னை யாரும் வளைத்துப்போட வேண்டியிருக்கவில்லை, பிறந்ததிலிருந்தே என் மதத்துக்கு உள்ளே இருக்கிறவள், அவ்வளவுதான். நாளெல்லாம் ரத்தம் பரிசோதிக்கிற வேலை எனக்கு, வேண்டியவர் ரத்தத்துக்கு ஒரு அளவு, மற்றவர் ரத்தத்துக்கு வேறு அளவு என்று வைத்தால் வேலையை விட்டே துரத்திவிடுவார்கள், வீட்டில் அதைத்தானே செய்தேன், வெட்கமாக இருக்கிறது, காது வரை சுடுகிறது.

அவனுக்கு அது ஞாபகம் இல்லாமலா இருக்கும்? நான் பேசப் பேச ஒரு தடவை மகளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டானே... பதில் வாய்வரை வந்திருக்கிறது, விழுங்கிவிட்டான். பழைய தம்பி விட்டிருப்பானா, எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்கியிருப்பான். இதை வைத்து அவன் சாமி நிஜம் என்று ஆகிவிடாது, ஆகாதுதான், ஆனால்... ஈரக் கையோடு போன் போட்டேன். "சொல்லுக்கா" என்றான். மன்னிப்புக் கேட்கத்தான் போட்டேன். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பாதி சாப்பிட்டேன்க்கா" என்றான்.