கீழே இருந்து வந்த குரல்

தன்னை நீக்கும் தீர்மானம் வரும் நாளில் சபாநாயகர் தலைமை தாங்கக் கூடாது என்பது விதி. அதனால் அன்று துணைச் சபாநாயகர் மேலே நாற்காலியில் இருந்தார். சபாநாயகரான இவர் எங்களோடு கீழே உட்கார்ந்திருந்தார்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் நான், எதிர்க்கட்சிக்காரி. இவர் காலத்தில் நான் வாயைத் திறந்தாலே மைக் செத்துவிடும். ஆளுங்கட்சி கத்தினால் மட்டும் இவருக்குக் காது கேட்காது. அன்றும் நான் எழுந்ததும் அதே கூச்சல். துணைச் சபாநாயகர் திருதிருவென்று விழித்தார்.

"எல்லாரும் உட்காருங்க! அந்தம்மா பேசட்டும்."

சொன்னது இவர்தான். பழக்கதோஷம், தான் மேலே இல்லை என்பதையே மறந்துவிட்டார். பாழாய்ப்போன சபையும் அதை மறந்து பெட்டிப்பாம்பாய் அடங்கியது. இவர் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். இவர் கட்சிக்காரர்கள் சிலரும் கை தூக்க, தீர்மானம் நிறைவேறியது.

வராந்தாவில் தனியாக நின்றிருந்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"'அந்தம்மா பேசட்டும்'னு ஒரே ஒரு நாள் மேல இருந்து சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"சொன்னா நாற்காலி போயிடும்னு பயந்தேம்மா" என்றார்.