பலகையில் ஒரு காலியிடம்

அவளுடைய தம்பி, சுருட்டையின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து வாசல் கதவில் மோதினான். லாரி ஓட்டுகிற கை. முதல் மோதலிலேயே மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. இரண்டாவதில் கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

இன்னும் அடி என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை, வாய்விட்டே சொன்னாள். கூடத்தில் பெட்டிக்குள் புருஷன் கிடந்தான். மூடியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முந்தாநாள் விமானக் கொட்டகையில், சக்கரம் மடங்கி உள்ளே போகிற பொந்துக்குள் தலையை விட்டு அவன் வேலை செய்துகொண்டிருந்தான். மேலே விமானி அறையில் இருந்த, கூட வேலை செய்கிற சுருட்டை, கீழே ஆள் இருக்கிறதா என்று ஒரு குரல் கொடுக்காமல் லீவரைத் தள்ளினான். பொந்தின் கதவு மூடிக்கொண்டது. தலை இருக்கிறதே என்று அந்தக் கதவு பாதியில் நிற்காது.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுடா இங்க வந்த?" தம்பி வயிற்றில் உதைத்தான்.

சுருட்டை கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. படியில் விழுந்து ஒரு பல்லைத் துப்பினான். "அடிங்க. கொன்னுகூடப் போடுங்க. அதுக்கு முன்னாடி அண்ணனோட டார்ச் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க அண்ணி."

"பொணத்தப் போட்டுட்டு அழுதுக்கிட்டிருக்கோம், உனக்கு டார்ச் கேக்குதா?" தம்பி செருப்பைக் கழற்றினான்.

அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியது அவள்தான்.

கொட்டகையில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டுக்குள் மாட்டி வைப்பார்கள். வேலை முடிகையில் ஒரு கோடு காலியாக இருந்தால், அது கிடைக்கிறவரை விமானம் நகரக் கூடாது. இந்தப் பைத்தியத்தைப் புருஷன் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான். அடுப்படிச் சுவரில் கரண்டிக்கும் கத்தரிக்கோலுக்கும் பென்சில் கோடு. "என்னையும் செவுத்தோரமா நிக்க வெச்சுக் கோடு போட்டுடுங்க" என்று அவள் கேலி செய்வாள். "நீ எங்க தொலையப் போற?" என்பான்.

"வெவரமா சொல்லு" என்றாள்.

"அன்னிக்குக் காலையில அண்ணன் மொதல்ல வேற ஒரு பிளேன்ல, வாலுக்குள்ள வேலை பாத்தாரு. அப்புறந்தான் இதுக்கு வந்தாரு. நடந்த களேபரத்துல யாரும் பலகையப் பாக்கல. இன்னிக்கு என் சாமான எடுக்கப் போனப்பத்தான் பாத்தேன், டார்ச் எடம் காலி. அண்ணன் அடிபட்ட பிளேன போலீஸ் கொட்டிக் கவுத்துப் பாத்தாச்சு, அதுல இல்ல. ஒண்ணு அண்ணன் பாக்கெட்டுல இருக்கணும், இல்ல அந்த வாலுக்குள்ள இருக்கணும். வால் பூரா கம்பி ஓடுது அண்ணி, பைலட் இழுக்குற கம்பி. அதுல போய் டார்ச் சிக்கிச்சுன்னா பிளேனோட மூக்கத் தூக்கவும் முடியாது, எறக்கவும் முடியாது. சாயங்காலம் ஆளுங்கள ஏத்திக்கிட்டுக் கெளம்புது."

"மேனேஜர்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். செத்தவன் பாக்கெட்டுலதான் இருக்கும், கொன்னவன் எனக்குப் பாடம் எடுக்காதேன்னாரு."

ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பை அடுப்படி மூலையில் முடிச்சு அவிழாமல் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். சட்டை அட்டை மாதிரி விறைத்திருந்தது. காலரில் மயிரும் தோலும் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு பாக்கெட்டாக வெளியே இழுத்துப் பார்த்தாள். கைக்குட்டை. வீட்டுச் சாவி. தலைவலி மாத்திரை. காய்ந்த ரத்தம் தரையில் தூளாக உதிர்ந்தது. டார்ச் இல்லை.

அப்படியானால் அவனும் மறந்திருக்கிறான். ஊருக்கெல்லாம் கோடு போட்டுக் காட்டியவன். பையைத் திரும்பக் கட்டிவைத்து, இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் பேர் கெடாது, வெளியே கிடக்கிறவன் மட்டும் கொலைகாரனாக இருப்பான். அவளுக்கு அந்த ஆசை இருந்தது. சாயங்காலம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு விமானப் படியேறப் போகிறவர்கள் நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் அப்படியே செய்திருப்பாள்.

வெளியே வந்தபோது மேனேஜர் மலர்வளையத்தோடு நின்றார்.

"டார்ச் பையில இல்ல. அந்தப் பிளேன நிறுத்துங்க."

"இந்த நேரத்துல இதையெல்லாம் போட்டுக் கொழப்பிக்காதீங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்."

மலர்வளையத்தைப் பிடுங்கி அவர் முகத்தில் எறிந்தாள். அதன் கம்பி கன்னத்தைக் கிழித்தது. "எம் புருஷன்தான் அத விட்டுட்டு வந்திருக்காரு. அவரு பொண்டாட்டி நான் சொல்றேன். அது பலகைக்குத் திரும்புற வரைக்கும் இந்தப் பெட்டி இங்கேருந்து நகராது!"

தம்பி அக்காவையே பார்த்தான். பிறகு வாசலில் நின்ற பிணவண்டிக்குள் கையை விட்டுச் சாவியை உருவி அவளிடம் கொடுத்தான். துக்கத்துக்கு வந்திருந்த கொட்டகை ஆட்கள் நாற்காலிகளை விட்டு எழுந்து மேனேஜரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, அந்த விமானத்தை நிறுத்தச் சொன்னார்.

"கொட்டகைக்குப் போலாம், ஏறுடா" என்றான் தம்பி. லாரியில் ஏற முடியாமல் தடுமாறிய சுருட்டையை அவனே இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

வெயில் தாழ்ந்தது. பெட்டிக்கு அடியில் ஐஸ் உருகித் தண்ணீர் வாசல்வரை ஓடியது. அவள் சாவியை இறுக்கிப் பிடித்தபடி பெட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

லாரி திரும்பி வந்தது. தம்பியின் முகம் வெளிறியிருந்தது. சுருட்டை டார்ச்சை அவள் முன்னால் நீட்டினான். அதன் அலுமினிய உடம்பில் ஆழமாகக் கீறல்கள்.

"நேத்து பறந்திருக்கு அண்ணி. கம்பி கடிச்சிருக்கு, பாருங்க. இன்னிக்கும் போயிருந்தா..."

அவள் அவனை மன்னிக்கவில்லை. பார்க்கப் பார்க்க அந்தப் பொந்தின் கதவை அவன்மேல் மூட வேண்டும் போலத்தான் இருந்தது. டார்ச்சை வாங்கி, ஆட்கள் அதுவரை போகவிடாமல் நிறுத்தி வைத்திருந்த மேனேஜர் கையில் வைத்தாள்.

"நீங்களே கொண்டுபோய் மாட்டுங்க. மாட்டிட்டு போன் பண்ணுங்க."

அவர் போனார். நெடுநேரம் கழித்துத் தம்பியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு, "மாட்டிட்டாராம்க்கா" என்றான்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பைக்குப் பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக் கழுவித் துடைத்து, சுவரில் அதன் கோட்டுக்குள் மாட்டினாள். பிறகு வெளியே வந்து வண்டிச் சாவியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"தூக்குங்க" என்றாள்.