புழுக்களுக்கு ஒரு குழாய்

புழு வளர்க்கிறாராம் மனுஷர் என்று தெருவே சிரித்தது. பிட்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார் ஷெட்டைப் பட்டறையாக்கி, அதில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். மூடி தானாகத் திறக்கும், மோட்டார் கிளறிவிடும், சூடு ஏறினால் விசிறி ஓடும். காய்கறித் தோலும் மிச்சம் மீதியும் போட்டால் போதும், ஈப்புழுக்கள் தின்று தீர்த்து எருவாக்கிவிடும்.

"உங்க பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?" என்று மனைவி கேலி செய்வாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கேலி இருவருக்கும் பிடித்திருந்தது.

நோய் வந்தபின் அவளால் ஷெட் வரை நடக்க முடியவில்லை. பிட்டர் சும்மா இருப்பாரா? சமையலறைச் சுவரைத் துளைத்துப் பெட்டிக்கு ஒரு குழாய் இறக்கினார். நின்ற இடத்திலேயே கொட்டலாம். தன் வாழ்நாளில் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று அவருக்கு நினைப்பு.

அன்று டாக்டர் அவள் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் இளைச்சா அடுத்த ஊசி போட முடியாது, உடம்பு தாங்காது. ஒழுங்கா சாப்பிடுறாங்களா?"

"தட்டு காலியாயிடுது டாக்டர்," என்றார் பிட்டர். அது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்ததும் உருளைக்கிழங்கை மசித்து, முட்டை சேர்த்து அவளிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது மூடி திறந்தது. மசியல் அப்படியே விழுந்தது, ஆவி பறக்க. புழுக்கள் மொய்த்தன. இத்தனை நாளும் அவை கொழுத்ததைப் பார்த்துப் பூரித்துப்போனவர் அவர்தான். எண்ணெய்க் கையோடு வீட்டுக்குள் ஓடினார்.

சமையலறையில் அவள் காலித் தட்டுடன் நின்றாள்.

"திட்டாதீங்க. வாயில வச்சாலே குமட்டுது. நீங்க பாத்துப் பாத்துச் செஞ்சதைக் குப்பையில போட மனசு வரல. அதுங்களுக்காவது பசிக்குதேன்னுதான்..."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டியில் மிச்சமிருந்ததை எடுத்து வந்து, அவளைக் குழாய்ப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"சரி, ஒரு வாய் உனக்கு, ஒரு வாய் அதுங்களுக்கு. சம்மதமா?"

சிரித்துவிட்டாள். முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவதை அவர் குழாயில் போட்டார். சுவருக்கு அப்பால் மோட்டார் சுற்றியது.

மூன்றாவது வாயை நீட்டினார். அவள் அவர் கையைப் பிடித்து, மெதுவாகக் குழாய்ப் பக்கம் திருப்பினாள்.

"இதுவும் பிள்ளைங்களுக்கே இருக்கட்டும்," என்றாள்.