ஐயப்பன் பாயும் பக்கம்

கால்பந்து லீகில் ஏ டிவிஷனில் இருந்தால் பல்கலைக்கழகம் பஸ் செலவு தரும், சாப்பாட்டுப் படி தரும், பெரிய கிளப்புகளுக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் வந்து ஆட்டம் பார்ப்பார்கள். பி டிவிஷனுக்கு இறங்கிவிட்டால் நாய்கூட எட்டிப் பார்க்காது. மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய எங்கள் கல்லூரியில் பதினேழு வருஷமாக நான் உடற்கல்வி ஆசிரியர். அந்த ஏ என்கிற ஓர் எழுத்தைக் காப்பாற்றியே பாதி ஆயுள் போய்விட்டது. 2005 செப்டம்பரில் கடைசி ஆட்டம் பாக்கி. டிரா செய்தால் போதும், தப்பித்துவிடுவோம்.

எதிரே ஆடியது ஒரு சுயநிதிக் கல்லூரி. சொந்த பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஏற்கெனவே சாம்பியன் ஆகிவிட்டவர்கள், இந்த ஆட்டம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர்களுடைய பதினோரு பேரில் நான்கு பேர் என்னிடம் ஆடிய பையன்கள். இலவச சீட்டு, ஹாஸ்டல், தினம் இரண்டு முட்டை, புது பூட்ஸ் என்று ஆசை காட்டி ஒவ்வொருவராகக் கொத்திக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போனவன் ஜெஸ்வின். சுனாமியில் அவன் அப்பா அந்தோணிதாஸின் படகு போயிருந்தது. அவனுக்கு டி.சி. கொடுக்கச் சொல்லி நானேதான் பிரின்சிபாலிடம் பேசினேன். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எங்கள் மைதானத்தில் புல்லே கிடையாது.

எங்கள் கோல்கீப்பர் ஐயப்பன், கடைசி வருஷ மாணவன். விடிகாலையில் உப்பு வாரிவிட்டுப் பத்து மணிக்கு வகுப்புக்கு வருவான். பெனால்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம்தான் பாய்வான். எத்தனை திட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன வருஷம் முழுக்கத் தினமும் சாயங்காலம் அவனுக்குப் பந்தடித்துப் பழக்கியவன் ஜெஸ்வின்.

ஆட்டத்தின் கடைசி நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. களைத்துப்போயிருந்த எங்கள் பையன் ஒருவன் கையில் பந்து பட்டுவிட்டது. பெனால்டி. அடிக்க வந்தவன் ஜெஸ்வின். பந்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடி என்றும் சொல்ல முடியாது, அடிக்காதே என்றும் சொல்ல முடியாது.

ஐயப்பனின் வலப்பக்கமாக மெதுவாக அடித்தான். சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். ஐயப்பனோ என்றைக்கும் இல்லாமல் இடப்பக்கம் பாய்ந்தான்.

பந்து உருண்டு போய் வலையைத் தொட்டது. அதோடு ரெஃப்ரி நீண்ட விசில் ஊதினார், நாங்கள் பி டிவிஷன்.

ஐயப்பன் எழுந்திருக்கவே இல்லை. தூக்கிவிடப் போனேன். எனக்கு முன்னால் ஜெஸ்வின் அங்கே நின்றான்.

"டேய், ஏன்டா அந்தப் பக்கம் போன? உனக்குன்னுதான்டா அங்க அடிச்சேன்."

"நான் எந்தப் பக்கம் போவேன்னு உனக்குத்தான் தெரியுமே. அதான்டா மாத்தினேன்."

ஜெஸ்வின் தலையில் கையை வைத்துக்கொண்டான். விட்டுக்கொடுத்து ஆடுகிறவனை எனக்குக் கட்டோடு பிடிக்காது. வேறு நாளாக இருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். அன்றைக்குக் கையைத் தூக்கவே தெம்பில்லை. அவர்கள் பஸ் ஹாரன் அடித்தது. அவன் போனான்.

வலையைக் கழற்றிச் சுருட்டும்போது ஐயப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், எப்பவும் போல பாய்ஞ்சிருந்தா பந்து கைக்கே வந்திருக்கும்ல?"

நான் வலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

"நீங்கதான சார் ரெண்டு வருஷமா மாத்துடா மாத்துடான்னு திட்டினீங்க. இன்னிக்குத்தான் சார் கேட்டேன்."

"ஆமாண்டா," என்றேன். "நீ செஞ்சது சரிதான். அந்த முனையப் புடி."