வழியனுப்பு விழா

ஆப்பிரிக்கா போகப் போகிறேன் என்று ஹம்ஸா சொன்னதும் அவள் அப்பா ஜகதீசன் கேட்ட முதல் கேள்வி, "அங்க நமக்கு யாரு இருக்கா?" என்பதுதான். யாரும் இல்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். காலமெல்லாம் ஊர் உலகத்துக்கு ரயில் விட்ட ஆபீஸில் உட்கார்ந்திருந்தாரே தவிர, கல்யாணம், சாவு, மாற்றல் உத்தரவு இந்த மூன்றும் இல்லாமல் ஒருவர் ரயிலேறுவதே வெட்டிச் செலவு என்பது அவர் கட்சி. விமானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஹம்ஸா மைசூரில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர். கென்யாவில் கிசுமு என்ற ஊரில் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. கட்டடம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், பயிற்சி பெற்ற டீச்சர்தான் இல்லை. ஒரு வருஷம் வந்து சொல்லிக்கொடுங்கள், தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு, போக்குவரத்துச் செலவு மட்டும் உங்களுடையது என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு போட்டோ. ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்தாக, விரல்களாலேயே அவள் பெயரைக் காட்டியிருந்தார்கள். கடைசியில் நின்ற பொடியன் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. தன் எழுத்து சரியாக இருக்கிறதா என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்த பிறகு ஹம்ஸாவுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் டிக்கெட்டின் விலையை யோசிக்காமல் இருக்க முடியுமா? தேவராஜ மொஹல்லாவில் பாத்திரக்கடை மாடியில் டிராவல்ஸ் வைத்திருந்த பசவராஜ் சொன்ன தொகை, தனியார் பள்ளி டீச்சரின் சம்பளத்துக்கு எட்டவே எட்டாது. நல்ல மனிதர். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது அவள் அங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, ஒரு சீட்டைப் பிடித்து வைத்தார். "கிறிஸ்மஸுக்கு முன்னாடி முழுசா கட்டிடணும்மா. அதுக்கப்புறம் நான் என்ன தலைகீழா நின்னாலும் சீட்டு நிக்காது" என்று சொல்லித்தான் பிடித்தார்.

அப்போது கைகொடுத்தது அம்மா கனகலக்ஷ்மியின் புளியோதரைக் கொஜ்ஜு. அம்மாவுக்கு ஆப்பிரிக்கா எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. பெண் ஒன்று கேட்டாள், செய்து கொடுத்தாள், அவ்வளவுதான். புளியைக் கரைத்து, மிளகாய் வறுத்து, எள்ளுப் பொடித்து, வெண்கலப் பானையில் மணிக்கணக்காகக் கிளறினாள். வீடு முழுக்கக் கார நெடி. ஜகதீசன் தும்மிக்கொண்டே பேப்பர் படித்தார். ஹம்ஸா பள்ளி விட்டதும் கொஜ்ஜுப் பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு யாதவகிரியில் வீடு வீடாக ஏறி இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போவாள். சில வீடுகளில் வாங்கினார்கள். சில வீடுகளில் உட்காரவைத்து, கல்யாணம் எப்போது என்று விசாரித்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பினார்கள். கால் வலித்தது, கூச்சமாகவும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் பணம் கொஞ்சம் ஏறியது. அந்தச் சந்தோஷம் வேறு.

மார்க்கெட்டின் பூ வரிசையில் நஞ்சம்மா இருந்தாள். ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்து பூக்கட்டும் பொம்பளை. ஒரு பாக்கெட் வாங்கினாள், காசைக் கொடுத்தாள், பிறகு பாக்கெட்டைத் திரும்ப ஹம்ஸாவின் பையிலேயே போட்டாள்.

"இதைய வேற யாருக்காச்சும் வித்துக்க அம்மிணி. காது கேக்காத புள்ளைங்களுக்குத்தான போற? எங்கக்கா மவனும் அப்புடித்தான். ஒருத்தரும் அவனுக்கு ஒண்ணுஞ் சொல்லிக்குடுக்குல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். நஞ்சம்மா கொஜ்ஜுவை வாயில் வைத்துப் பார்த்ததே கிடையாது.

தீபாவளி கழிந்த ஒரு மாலை சங்கத்துச் செயலாளர் சேகரன் வீட்டுக்கு வந்தார். ஊரில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் ஒரு சங்கம், ஒரு சங்கம் இருந்தால் அதற்கு ஒரு சேகரன். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. காபியை வாங்கிக்கொண்டு உருகிப் போய்ப் பேசினார்.

"என்ன சார் இது, நம்ம பொண்ணு வீடு வீடா கொஜ்ஜு விக்கறதா? நமக்கு கேவலம் இல்லையா? சங்கம் எதுக்கு இருக்கு? நாங்க வசூல் பண்ணித் தர்றோம். ஒரு வழியனுப்பு விழா வெச்சு, பத்து பேர் பாக்க மேடையில குடுப்போம்."

ஜகதீசனின் முகம் மலர்ந்ததை ஹம்ஸா பார்த்தாள். ஆயுள் முழுக்க ஒரு மேடையிலும் ஏறாதவர். ரிட்டயர் ஆன அன்றுகூட மேலதிகாரி லீவு என்று சொல்லி, ஒரு மாலையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குறை அவருக்குள் இருந்தது. அதுவரை ஆப்பிரிக்கா என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், அன்றைக்குச் சேகரனை வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

அடுத்த வாரம் சேகரன் மறுபடி வந்தார். வசூல் நன்றாக வருகிறதாம். பெரிய மனிதர்கள் எல்லாம் கொடுக்கிறார்களாம். ஒரே ஒரு விஷயம்.

"பாப்பா சேத்து வெச்சிருக்கறதையும் எங்ககிட்ட குடுத்துடுங்க. மொத்தமா ஒரே கவர்ல போட்டு மேடையில குடுத்தாத்தான் கௌரவம். பாதி அங்க, பாதி இங்கன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?"

கனகலக்ஷ்மி சமையலறையிலிருந்தே, "நம்ம பணத்தை நாமளே குடுத்து நாமளே வாங்கறதா? பேடாப்பா, வேண்டவே வேண்டாம்" என்றாள். சூடு தாங்கித் தாங்கி அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அவளுக்குச் சொல்ல உரிமை இருந்தது.

"உனக்கு சபை மரியாதை தெரியுமா? சும்மா இரு" என்றார் ஜகதீசன்.

ஹம்ஸா கொடுத்தாள். அப்பா ஆசைப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. அதனால் கொடுத்தாள். யாரையும் சொல்லிக் குற்றமில்லை, அவளேதான் கொடுத்தாள்.

விழா என்றால் சாதாரண விழாவா அது? கல்யாண மண்டபம், ஷாமியானா, மைக் செட், வாசலில் வாழைமரம். மேடையில் இரண்டு வரிசை நாற்காலி. நன்கொடை கொடுத்தவர்களைக் கௌரவிக்காமல் விட முடியாதாம். ஆகவே கொடுத்த ஒவ்வொருவருக்கும் தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகை, தோளில் சால்வை, கழுத்தில் மல்லிகை மாலை, கையில் பழக்கூடை, யானை பதித்த கருங்காலி மரத் தட்டு ஒன்று. கூப்பிட்டு, போட்டு, போட்டோ எடுத்து, இறங்கி, அடுத்தவரைக் கூப்பிட்டு. ஒருவர் ஐந்நூறு கொடுத்துவிட்டு ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய்ச் சாமானோடு இறங்கிப் போனார். ஹம்ஸாவுக்கு அப்போது அது உறைக்கவில்லை. கொடுத்தவர்கள் அல்லவா, நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

கடைசியில் அவளைக் கூப்பிட்டார்கள். பேட்டா, சால்வை, மாலை, பிறகு மஞ்சள் தடவிய கவர். ஜகதீசனையும் மேடைக்கு அழைத்து ஒரு பேட்டா வைத்து மாலை போட்டார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஹம்ஸா பேசினாள். ஐந்து பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். கையை உயர்த்தி, தன் பெயரை அந்தப் பிள்ளைகள் காட்டியது போலவே விரலில் காட்டினாள். சங்கத்துக்கு ஜன்மத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன் என்று, பெயர் பெயராகச் சொல்லி நன்றி தெரிவித்தாள். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. படி இறங்கும்போது ஒரு பையன் ஓடிவந்து இருவர் தலையிலிருந்த பேட்டாவையும் கழற்றிக்கொண்டான். வாடகைப் பேட்டா. காலையில் கடையில் திருப்பித் தர வேண்டுமாம்.

ஆட்டோவில் வரும்போது கவரைப் பிரித்தாள். உள்ளே ஒரு நூறு ரூபாய் நோட்டு, ஒரு ஒற்றை ரூபாய். வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் சேகரன் வீட்டு வாசலில் நின்றாள். அவர் பதறவே இல்லை.

"வெறும் கவர் குடுக்கக் கூடாதும்மா, சகுனம். அதான் நூத்தியொண்ணு வெச்சோம். மண்டபத்துக்கு எவ்ளோ, சாப்பாடுக்கு எவ்ளோ, தெரியுமா உனக்கு? சால்வை, தட்டு... மாலைக்கு மட்டுமே எவ்வளவு ஆய்த்துன்னு கேளு. தலை சுத்தும். எல்லாம் யாருக்காக? உனக்காகத்தான?"

"என் பணம் சார். எங்கம்மா கொஜ்ஜு கிளறின பணம்."

"அதுவும் அதுலதாம்மா. இல்லைன்னா விழா இவ்ளோ கிராண்டா நடந்திருக்குமா? அப்பாவைக் கேளு, ஒவ்வொண்ணும் அவர்கிட்ட சொல்லித்தான் பண்ணினோம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம் விடு."

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டாள். ஜகதீசன் பேப்பரை மடிக்காமலே பதில் சொன்னார்.

"சால்வை நல்லதா வாங்குங்கன்னு சொன்னேன். வரவங்களுக்கு மட்டமா போட முடியுமா? மிச்சம் இருக்கும்னு நெனச்சேன்."

"மிச்சமா? டிக்கெட்டுதானேப்பா விஷயம்? மிச்சத்துலயா நான் போகணும்?"

"கத்தாதே. போய் சேகரன்கிட்ட சண்டை கிண்டை போட்டு வெக்காதே. மேடையில உக்கார வெச்சிருக்காங்க நம்மள."

அவள் சண்டை போட்டாள். இரண்டு முறை போனாள். இரண்டாம் முறை சேகரனின் மனைவி, நன்றி கெட்டவள் என்று கதவைச் சாத்தினாள். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பசவராஜ் போன் செய்து, சீட்டை விட்டுவிட்டதாக வருத்தத்தோடு சொன்னார். கிசுமுக்காரர்கள் ஜனவரி முழுவதும் காத்திருந்துவிட்டு, வேறு தேசத்திலிருந்து ஒருத்தியை வரவழைத்துக்கொண்டார்கள். அந்த ஐந்து பிள்ளைகளும் இப்போது வேறொரு பெயரை விரலில் பழகியிருப்பார்கள் என்று நினைத்தபோதுதான் ஹம்ஸா முதல்முறையாக அழுதாள். கனகலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் வெண்கலப் பானையைத் தேய்த்துப் பரண்மேல் கவிழ்த்தாள்.

விழாப் போட்டோ மட்டும் பெரிதாகிச் சட்டம் போட்டுக் கூடத்தில் ஏறியது. சங்கம் அச்சடித்த ஆண்டு மலரிலும் அது வந்தது, 'நம் சங்கம் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய செல்வி' என்ற வரியோடு. தெருவில் சிலர் அவளைப் பார்த்து, போன சுருக்கில் வந்துவிட்டாளே என்றார்கள். சிலர், பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டாள் என்றார்கள். சேகரனை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்க்கெட்டுப் பக்கம் போகாமலே பல மாதம் இருந்தாள். யுகாதிக்கு மாவிலையும் பூவும் வாங்க வேறு வழியில்லாமல் போனபோது, தலையைக் குனிந்துகொண்டு பூ வரிசையைத் தாண்டப் பார்த்தாள். நஞ்சம்மா விடுவாளா?

"அம்மிணி! எப்ப வந்த? அந்தப் புள்ளைங்கெல்லாம் நல்லாருக்குதுங்களா? என்னைய மாதர ஆளுக குடுத்து உட்டதுன்னு சொன்னியா?"

நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஹம்ஸாவுக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"நான் போகலக்கா. பணம் பத்தல."

நஞ்சம்மாவின் கையில் நார் அப்படியே நின்றது. முகம் சுண்டிப்போனது.

"அய்யோ கண்ணு... நாங் குடுத்தது கம்மியாப் போச்சாட்ட இருக்குது. அன்னைக்கு உங்க விழா மாலைக்குக்கோட நாங் காசு வாங்குலியே. அந்தச் செயலாளருகிட்டச் சொல்லித்தான உட்டேன், மாலைக்காசையும் புள்ளையோட டிக்கெட்டுக்குச் சேத்துக்குங்கன்னு. அத்தனை மாலைக்காசு. அதையுஞ் சேத்துமா பத்துல?"

ஹம்ஸா பூ வாங்கவில்லை. நேராக வீட்டுக்கு நடந்தாள். ஜகதீசன் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, பண்டிகைக்காகப் போட்டோவின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கீழே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாலை யாருடையது, அந்தக் காசு எதற்காக விடப்பட்டது, சேகரன் அதையும் எப்படிச் செலவில் எழுதினார் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஜகதீசன் துணியைப் பிடித்தபடி நின்றார். போட்டோவில் தன் கழுத்தில் கிடந்த மாலையை வெகு நேரம் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் மனசு கஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். குரல் இறங்கியிருந்தது.

"பாவம்" என்றார். "அந்தம்மாவையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டிருக்கலாம்."