கை படாமல் நின்றது

கம்ப்யூட்டர் முதன்முறை நின்றபோது அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மாமனார். மாப்பிள்ளை சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வாங்க. இது அசையவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தால் திரையில் சீட்டுகள் பாதி அடுக்கியபடி கிடந்தன. மவுஸை எப்படி இழுத்தாலும் அம்பு நகரவில்லை. மூலையிலிருந்த கடிகாரமும் நின்றுபோயிருந்தது. பெட்டிக்குள் விசிறி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஹேங் ஆயிருக்கு மாமா. எப்பவாவது நடக்கறதுதான்," என்று சொல்லி, பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டான். அன்றைக்கு அதோடு சரி.

அவன் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவன். நடிகர் வாய் திறக்கும் கணத்தில் எழுத்து வர வேண்டும், வாய் மூடினதும் போய்விட வேண்டும். நாள் பூரா அதே வேலை, அதே மேஜை. அந்த டெஸ்க்டாப்பின் பாகங்களைத் தேடித்தேடி வாங்கிப் பூட்டியவன் அவன்தான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றியவனும் அவன்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மாமனார் ஆயுசு பூரா மருந்தாளராக இருந்தவர். மருந்துச் சீட்டை இரண்டு முறை படிக்காமல் அலமாரிப் பக்கம் திரும்பாத ஆள். மாமியார் போன பிறகு இளைய மகள் வீட்டோடு வந்துவிட்டார். மத்தியானம் மாப்பிள்ளை சாப்பிட எழுந்தால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சீட்டாடுவார். இடது கை மடியில் இருக்கும், வலது கை மவுஸில். கீபோர்டைத் தொடக்கூட மாட்டார்.

ஆனால் கம்ப்யூட்டர் மறுபடி நின்றது. அப்புறம் இன்னொரு தரம். மூன்று தடவையும் நாற்காலியில் இருந்தவர் அவர்தான்.

"அப்பா, எதையாவது அமுக்கிட்டீங்களா?" என்று மகள் கேட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அன்றைக்குத் தலைவலியோடு வந்திருந்தாள். குரலில் கோபம் இல்லை. குழந்தையிடம் கேட்கிற பக்குவம்தான் இருந்தது. அதுதான் அவரைத் தைத்தது.

"சீட்டைத்தானேம்மா நகர்த்தினேன்."

அவள் அப்படிக் கேட்டதற்கும் காரணம் இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் அவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து, வெறும் பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. அன்றிலிருந்து மகளின் கண் அவர் மேலேயே இருந்தது. குழாய் மூடியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று அவருக்குப் பின்னாலேயே போய்ப் பார்ப்பாள். மாப்பிள்ளை அப்படியெல்லாம் கண்காணிப்பதில்லை. ஆனால் அந்தத் தடவை அவனும், "இல்ல, அவர் ஒண்ணும் பண்ணலை" என்று வாய் திறந்து சொல்லவில்லை.

மாமனார் அந்த அறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். கம்ப்யூட்டரும் நிற்பதை நிறுத்திக்கொண்டது.

அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளைக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. ஒரு தொடர் முழுக்க எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும். அவன் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பெட்டி மூச்சு முட்ட உழைத்துக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

"இப்ப ஹேங் ஆகறதே இல்லையா?" என்று மாமனார் சாப்பிடும்போது கேட்டார்.

"இல்ல மாமா."

அவர் தலையாட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் தன் துணிப்பெட்டியை எடுத்து வாசலருகே வைத்திருந்தார். பெரிய மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

"என்னப்பா திடீர்னு?"

"திடீர்னு இல்லம்மா. என் கை என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியலை. மாப்பிள்ளையோட பிழைப்பு அந்தப் பெட்டியில இருக்கு. அங்கே அப்படி எதுவும் கிடையாது."

சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். அழுத்தமாகச் சொல்லவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டார்.

தொடர் வேலையும் முடிந்தது. அடுத்த வாரம் ஒரு நாள் மாப்பிள்ளை கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனான். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் திரையில் கடிகாரம் நின்றிருந்தது. அறையில் ஆளில்லை. வீட்டிலேயே அவனைத் தவிர ஆளில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

மனைவியிடம் உடனே சொல்லவில்லை. காரணம் தெரியாமல் சொன்னால் அதுவும் ஒரு சந்தேகமாகத்தான் போய்ச்சேரும் என்று நினைத்தான்.

லினக்ஸ் தனக்கு நடப்பதையெல்லாம் வரிவரியாகப் பதிந்து வைக்கிற சாதி. அந்தப் பதிவைத் திறந்தான். உறைந்த நேரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு முனகல்கூட இல்லை. அடுத்த தடவை நின்றபோது போனிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழையப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. துளி உயிர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் லினக்ஸின் மையமான கர்னலின் காதில் விழும் என்கிற விசைகளைச் சேர்த்து அமுக்கினான். அதுவும் விழவில்லை. புரோகிராம் கோளாறு என்றால் இப்படி அடியோடு சாகாது. கோளாறு அதற்கும் கீழே இருந்தது.

ராம் என்கிற மெமரியைச் சோதித்தான். ஒரு பகல் முழுக்க ஓடவிட்டும் பழுதே இல்லை. சந்தேகம் தீராமல் இரண்டு துண்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினான், நின்றது. அதை மாட்டி மற்றதைக் கழற்றினான், அப்போதும் நின்றது. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினான். பழைய கர்னலுக்குப் போனான். சிநேகிதனிடம் பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டினான். எதற்கும் மசியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று வைராக்கியமாக இருந்ததால் நாட்கள் ஓடின. மேஜையில் திறந்தே கிடந்த பெட்டியைப் பார்த்து, மனைவியே புரிந்துகொண்டாள்.

"அப்பா போன பிறகும் நிக்குதா?"

"நிக்குது."

அவள் கைப்பையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். "எத்தனை நாளா?" என்று கேட்கவந்தவள், பாதியிலேயே விட்டுவிட்டாள்.

கடைசியில் அவனுக்குப் பிடி கிடைத்தது ஒரு சலிப்பில்தான். இது எப்போதெல்லாம் நிற்கிறது என்று யோசித்து யோசித்து அலுத்துப்போய், எப்போதெல்லாம் நிற்கவில்லை என்று யோசித்தான். தொடர் வேலையின்போது நிற்கவில்லை. ராம் சோதனையின்போது நிற்கவில்லை. படத்தை ஓடவிட்டு எழுதும்போது நின்றதே இல்லை. வேலை வாங்கினால் இது நிற்பதே கிடையாது. சும்மா விட்டால்தான் நிற்கிறது. சீட்டாட்டம் அதற்கு ஒரு வேலையே இல்லை. மாமனார் அடுத்த சீட்டை யோசிக்கிற நேரமெல்லாம் அது சும்மாதான் இருந்திருக்கிறது. மற்றபடி வேலை முடிந்தால் அவன் அணைத்துவிடுவதுதான் வழக்கம்.

ஒரு சின்ன புரோகிராம் எழுதி, உருப்படாத கணக்கு ஒன்றைப் பின்னணியில் போட்டுக்கொண்டே இருக்கச் செய்தான். நாள்கணக்கில் நிற்கவில்லை. அதை எடுத்தான். அன்று சாயங்காலமே நின்றது. தேடிப் பார்த்ததில், வேலையில்லாத நேரத்தில் பிராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதாகவும், சில பெட்டிகளில் அது எழுந்திருக்க முடியாமல் அப்படியே போய்விடுவதாகவும் தெரிந்தது. பெட்டி விழிக்கும்போதே முதலில் ஓடுகிற பயாஸுக்குள் போய், சும்மா இருக்கும்போது மின்சாரத்தை அவ்வளவு குறைக்காதே என்று ஒரு செட்டிங்கை மாற்றினான். அதோடு தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பெரிய மகள் வீட்டுக்குப் போனார்கள். மாமனார் பால்கனியில் உட்கார்ந்து எதிர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னான். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நோயாளிக்குத் தூக்கம் ஒத்துக்கலை," என்றார்.

"அதேதான் மாமா."

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்லலையே?"

"இல்லப்பா," என்றாள் இளைய மகள்.

அவர் நாற்காலியை மாப்பிள்ளை பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு, "மருந்து குடுத்ததும் குணமாச்சுங்கறது போதாது மாப்பிள்ளை. தானாவும் குணமாயிருக்கலாம். மருந்தை நிறுத்தினா வியாதி திரும்புதான்னு பாக்கணும். அந்த செட்டிங்கைப் பழையபடி வையுங்க. நான் அதே அறையில இருக்கேன். தொட மாட்டேன். அப்பவும் அது நிக்குதான்னு பாத்துடலாம்," என்றார்.

அவரை அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் மனைவி லீவு போட்டாள். மாப்பிள்ளை செட்டிங்கைப் பழையபடி மாற்றி, சீட்டாட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்தான். மாமனார் சுவரோரமாக ஒரு ஸ்டூலில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாட்சிக்கு வந்தவள்போல் மகள் கட்டிலில்.

கடிகாரம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. காலை போயிற்று. மாப்பிள்ளைக்கு வியர்த்தது. இத்தனை நாள் படுத்தி எடுத்த சனியன் இன்றைக்கென்று பார்த்துப் பதிவிசாக இருந்தது.

"ஆயுசுலேயே இப்பதான் இது ஹேங் ஆகணும்னு வேண்டிக்கறேன்," என்றாள் மனைவி. மாமனார் சிரித்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. சாப்பாட்டைக்கூடத் திரையைப் பார்த்தபடிதான் சாப்பிட்டார்கள். அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்து மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய நேரத்தில் மகள்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா. கடிகாரம்."

மாமனார் எழுந்து கிட்டே போய்க் குனிந்தார். "மவுஸை ஆட்டிப் பாரு," என்றார். அவள் ஆட்டினாள். அம்பு அசையவில்லை. "கீபோர்டு?" அவள் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி அவர் திரையை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"நான் அன்னைக்கு உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள் மகள்.

"கேட்டதுல ஒண்ணும் தப்பில்லம்மா. நானும் என்னைத்தானே சந்தேகப்பட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் அவள் தோளைத் தட்டிவிட்டு, "போதும் மாப்பிள்ளை, மருந்தைக் குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார். பெரிய மகளுக்குப் போன் பண்ணுவது கேட்டது.

"நான் இங்கேயே இருந்துக்கறேன்மா. கொடியில ரெண்டு சட்டை காயுது. உன் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தா குடுத்தனுப்பு. இல்ல, அவசரமில்ல."

மாப்பிள்ளை பொத்தானை அழுத்திப் பிடித்தான்.