சத்தமில்லாத வருகை

பல் டாக்டரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தெருமுனைப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'கடக் கடக்' என்று ஊரைக் கூட்டும். முன்சக்கரத்துச் சஸ்பென்ஷனில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்துபோயிருந்தது. தன் கையே தனக்குதவி என்று ஞாயிறு முழுக்க காருக்கடியில் படுத்து, சொத்தைப் பல்லைப் பிடுங்குவதுபோல் பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை அடித்து இறக்கினார்.

மறுநாள் மாலை கார் பூனைபோல் வீடு வந்து சேர்ந்தது. உள்ளே அவருடைய சாய்வு நாற்காலியில், அவருடைய புதுச் சட்டையில், மச்சான் கால் நீட்டிப் படுத்திருந்தான். எழுந்து நிற்கவே முடியாத மாமியார் ஸ்டூல் மேல் ஏறி, அவர் ஒளித்துவைத்த பிஸ்கட் டப்பாவை எட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கண்டதும் மனைவிதான் முதலில் சுதாரித்தாள்.

"என்னங்க, தெருமுனையில சத்தமே கேக்கல? அந்தப் பழைய புஷ்ஷைத் தூக்கிப் போட்டுடலையே?"